வோரனேஷிலிருந்து பத்தரை மணிப் பேருந்து

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். குழாயில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் ஓடுகிறது என்று ஒரு மீட்டர் சொன்னால், அது உண்மையைத்தான் சொல்கிறதா என்று சோதிப்பது என் பொறுப்பு. காலிபரேஷன் என்பார்கள். 2023 ஜூனில் அதற்கான இரண்டு வாரப் பயிற்சிக்கு என்னை ஓஸ்லோவுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது பையில் நான்கு பட்டியல்கள் இருந்தன: எடுத்துப் போக வேண்டியவை, வாங்கி வர வேண்டியவை, கேட்க வேண்டிய சந்தேகங்கள், சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டால் செய்ய வேண்டியவை. நான்காவதைப் பிரிக்கவே இல்லை. காரணம் சுகந்தி அக்கா.

என்னோடு கல்லூரியில் படித்த தோழியின் அக்கா அவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தோழி திருச்சியில் வளர்ந்தாள், அக்கா கல்யாணமாகி நார்வே வந்தார். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. கணவர் தேவன் அண்ணா நகரப் பேருந்து ஓட்டுகிறார். அம்மருட் என்ற இடத்தில், மலைச்சரிவில் வரிசையாக நிற்கும் உயரமான அடுக்குமாடிகளில் ஒன்றில், ஒன்பதாவது மாடியில் வீடு. எனக்கு ஒரு அறையை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள்.

புதன்கிழமை மாலை போய்ச் சேர்ந்ததும் இடியப்பமும் சொதியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தார். சொதி என்பது தேங்காய்ப்பாலில் செய்த மெல்லிய மஞ்சள் குழம்பு. மூன்றாவது முறை ஊற்றிக்கொண்டபோது கேட்டேன்: "ரொம்ப நல்லா இருக்குதுங்க அக்கா. சாம்பார் வைக்கவே மாட்டீங்களா?"

"வைப்பம். ஆருக்கேன் வருத்தம் எண்டால்" என்றார். உடம்பு சரியில்லாததைத்தான் அவர்கள் வருத்தம் என்கிறார்கள். தேவன் அண்ணா சிரிக்காமல் தலையாட்டினார்.

சாப்பிட்டுவிட்டுப் பால்கனிக்குப் போனால், மணி ஒன்பதே முக்கால், எதிர் மலை மேல் வெயில் அடித்தது. கைக்கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தேன். இந்த ஊரில் பொழுதைப் பார்த்து மணி சொல்ல முடியாது என்று அப்போதே மனதில் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டதால் மட்டும் என்ன பயன் என்பது பிறகு தெரிந்தது.

வியாழக்கிழமை காலை முதல் தவறு. கோடையில் மெட்ரோ பாதையைப் பிரித்துப்போட்டு வேலை செய்வார்களாம், அதுவரை பதிலுக்குப் பேருந்து. சரியான எண்ணுள்ள பேருந்தில்தான் ஏறினேன். அரை மணி நேரம் கழித்து ஊசியிலைக் காட்டோரம் நின்றது. எல்லோரும் இறங்கிப் போன பிறகும் உட்கார்ந்திருந்த என்னிடம் ஓட்டுநர் அம்மாள் எழுந்து வந்தார். "நீங்கள் ஏறியது சரியான பேருந்து, தவறான திசை. அப்படியே உட்காருங்கள். நானும் திரும்பிப் போகத்தான் வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். வழியில் யாரும் டிக்கெட் கேட்கவில்லை. நிலையங்களில் தடுப்புக் கதவு இல்லை. எல்லோரும் டிக்கெட் எடுத்திருப்பார்கள் என்று ஊரே நம்புகிறது. எங்கள் காந்திபுரம் பஸ் நிலையத்தில் இதை ஒரு நாள் முயன்று பார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்தபடியே நகரத்துக்குள் வந்தேன்.

ஆய்வகத்தில் என்னைப் பயிற்றுவித்தவள் நாஸ்த்யா. முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல உயரம், ரஷ்யாக்காரி. தெற்கே வோரனேஷ் என்ற நகரத்தில் பிறந்தவள், எட்டு வருடமாக ஓஸ்லோவில். முதல் நாளே ஒரு மீட்டரைப் படித்து எழுதச் சொன்னாள். 412 என்று எழுதி நீட்டினேன்.

"412 என்ன? முட்டையா?" என்றாள்.

அலகு எழுதாத எண் எண்ணே அல்ல என்பதை நான்கு வருடமாக என் ஜூனியர்களுக்கு நானே சொல்லி வருகிறேன். காது சூடாகிவிட்டது. தெரியாதபடி அடித்துவிடப் பேனாவை வைத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது. எழுதியது தெரியும்படி ஒரே ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, சரியானதை எழுத வேண்டும். இதுவும் எங்களுக்குத் தெரிந்த விதிதான். கோடு கிழித்தேன், கையெழுத்துப் போட்டேன். மதியம் வெண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ரொட்டித் துண்டுகளை எல்லோரும் அமைதியாகப் பன்னிரண்டு நிமிடத்தில் தின்று முடித்தார்கள். சுகந்தி அக்கா கட்டிக்கொடுத்த புட்டும் மீன் பொரியலும் வாசம் பரப்பியதில் நாஸ்த்யா பாதியைத் தின்றாள். அப்படித்தான் நாங்கள் தோழிகளானோம்.

வெள்ளிக்கிழமை நடுக்கோடைப் பண்டிகை. அன்று மாலை கடற்கரைகளில் பெருந்தீ மூட்டுவது இந்த ஊர் வழக்கம். ஆனால் அந்த வருடம் வாரக்கணக்கில் மழை இல்லை. தீ மூட்டத் தடை. ஆனாலும் தீ இருக்க வேண்டிய இடத்தைச் சுற்றி ஜனங்கள் போர்வை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். வேகவைத்த இறாலை உரித்து ரொட்டியில் வைத்துத் தின்றார்கள். நாஸ்த்யாவோடு நானும் போயிருந்தேன். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு வயதான தம்பதி.

"போன வருடத்துத் தீ இதைவிட நன்றாக இருந்தது" என்றார் கிழவர்.

"இந்த வருடத்துத் தீயில் புகை இல்லை" என்றார் மனைவி.

நாஸ்த்யா இதை எனக்கு மொழிபெயர்த்துவிட்டு, நீலம் மாறாத நீரைப் பார்த்துக்கொண்டே, தன் அம்மா ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்றாள். மூன்று வருடமாகப் பார்க்கவில்லை. முதலில் நோய்த்தொற்று, பிறகு போர். விசாவுக்காக ஒன்பது மாதம் அலைந்து வாங்கியது. ஜூலை முதல் வாரத்தோடு முடிந்துவிடும். நேரடி விமானம் கிடையாது. சனிக்கிழமை பத்தரை மணிப் பேருந்தில் வோரனேஷிலிருந்து மாஸ்கோ, ஞாயிறு காலை அங்கிருந்து இஸ்தான்புல், மாலை ஓஸ்லோ. "இந்த விமானம் போனால் வேறு டிக்கெட் கிடைப்பதற்குள் விசா முடிந்துவிடும்" என்றாள். பிறகு, வீட்டில் ஒரு கட்டில்தான் இருக்கிறது, மடக்குக் கட்டில் யாரிடமாவது கிடைக்குமா என்று கேட்டாள். சுகந்தி அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். "நாளைக்கு வந்து எடுக்கச் சொல்லும். மத்தியானம் சாப்பாடும் இஞ்சை" என்று பதில் வந்தது.

சனிக்கிழமை காலை எழுந்தபோது உலகம் வேறு மாதிரி இருந்தது.

ரஷ்ய அரசு பணமும் ஆயுதமும் கொடுத்து வளர்த்த கூலிப்படை ஒன்று இருந்தது. சிறைகளிலிருந்துகூட ஆள் எடுத்துப் போருக்கு அனுப்பிய படை. அந்தப் படை ராணுவத் தலைமையோடு முட்டிக்கொண்டு, போர்முனையிலிருந்து துப்பாக்கிகளோடு திரும்பிவிட்டது. தெற்கே ஒரு பெரிய நகரத்தின் ராணுவத் தலைமையகத்தை விடிவதற்குள் பிடித்தது. அதில் ஒரு பகுதி லாரிகளிலும் கவச வண்டிகளிலும் ஏறித் தலைநகரை நோக்கிக் கிளம்பிவிட்டது. படத்தில் பார்த்தேன்: பூ வைத்த பூங்கா, துப்புரவுத் தொழிலாளி தெருவைக் கூட்டுகிறார், அவருக்குப் பின்னால் ஒரு பீரங்கி நிற்கிறது. ஒரு நாட்டின் படை அந்த நாட்டின் மேலேயே ஏறி வருகிறது. எனக்குப் பயத்தைவிட முதலில் வந்தது மலைப்புதான். அணையில் விரிசல் விழுவதைத் தூரத்தில் நின்று பார்க்கிறவளின் மலைப்பு.

சுகந்தி அக்காவோடு காய்கறிக் கடைக்குப் போனேன். வரிசையில் எல்லோர் கையிலும் போன், ஒருவரும் பேசவில்லை. முன்னால் நின்ற இரண்டு கிழவர்கள் மட்டும் பேசினார்கள். அக்கா அதைக் காதோரம் மொழிபெயர்த்துச் சொன்னார். "என் மகன் வடக்கே ரஷ்ய எல்லைப் பக்கம் மீன் பிடிக்கப் போயிருக்கிறான்." "அடடா. மீன் கிடைக்கிறதா?"

பதினொரு மணிக்கு நாஸ்த்யா வந்தாள். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தாள், பிறகு திரும்பிப் போய்க் கழற்றினாள்.

"அம்மா பேருந்தில் இருக்கிறார். ஒன்பதரைக்குச் செய்தி வந்தது, கிளம்பிவிட்டோம் என்று. அதற்குப் பிறகு போன் போகவில்லை. அதே சாலை. அந்த வண்டிகள் வருவது அம்மாவின் சாலை."

சுகந்தி அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தேநீரில் மூன்று கரண்டி சீனி போட்டு அவள் முன் வைத்தார். நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். பட்டியல் போட்டால் பயம் கட்டத்துக்குள் அடங்கும் என்று நம்புகிறவள் நான். மூன்று பத்தி: இடம், வோரனேஷிலிருந்து தூரம், மணி. பேருந்து பத்தரைக்குக் கிளம்பியது, வேகம் மணிக்கு அறுபத்தைந்து. படைக்கு நார்வே செய்தித் தளத்தின் நிமிடவாரிக் குறிப்புகள் இருந்தன. அக்கா ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்ல எழுதினேன். பதினொன்று நாற்பதுக்கு, வோரனேஷுக்கு வடக்கே ஒரு பெட்ரோல் பங்கில் அவர்களைப் பார்த்ததாகப் படத்தோடு வந்தது. நாற்பது கிலோமீட்டர். அவர்கள் வேகம் எண்பத்தைந்து இருக்கலாம். மேலே அரசின் ஹெலிகாப்டர்கள், எங்கோ எண்ணெய்க் கிடங்கு ஒன்று எரிகிறது.

கணக்குப் போட்டேன். படை பேருந்துக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர் பின்னால்தான் இருந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் பேருந்தை எட்டிவிடும். அந்த நேரத்தில் மேலிருந்து சுட்டால்? நாஸ்த்யாவிடம் தாளைக் காட்டி, அம்மா இறங்கிவிடுவது நல்லது என்றேன்.

பன்னிரண்டு பத்துக்கு அவள் போன் சிணுங்கியது. அம்மாதான். சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் பதினைந்து நிமிடம் நிறுத்தியிருக்கிறார்கள். நாஸ்த்யா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நிச்சயமா?"

"கணக்கு நிச்சயம்" என்றேன்.

அவள் தன் மொழியில் பேசினாள். முதலில் மெதுவாக, பிறகு கெஞ்சி, பிறகு அதட்டி. ஓட்டுநர் போய்விடலாம் என்கிறாராம், பக்கத்து சீட்டுப் பெண்ணும் அப்படியே சொல்கிறாளாம். "அம்மா, இறங்கு" என்று அவள் சொன்னது மட்டும் மொழி தெரியாமலே எனக்குப் புரிந்தது. அம்மா பையோடு இறங்கினார். பேருந்து போய்விட்டது.

என் தாளின்படி பன்னிரண்டரைக்குச் சற்று முன்பின்னாக அந்தக் கடையைப் படை கடக்க வேண்டும். கடக்கவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு நாஸ்த்யா அழைத்தாள். சாலை காலி, கடைக்காரி வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள் என்றார் அம்மா. ஒரு மணிக்கும் காலி. கணக்குக்கும் உண்மைக்கும் இவ்வளவு வித்தியாசம் வந்தால், எங்கள் தொழிலில் உண்மையைச் சந்தேகிக்க மாட்டோம். கருவியைச் சந்தேகிப்போம். தாளை மறுபடி மேலிருந்து படித்தேன். பெருக்கல், கழித்தல் எல்லாம் சரி.

அப்போது தேவன் அண்ணா சீருடையோடு உள்ளே வந்தார். "என்ர வக்த் முடிஞ்சுது" என்று சாவியை மாட்டினார். வக்த் என்றால் ஷிப்ட். அக்கா நடந்ததைச் சொன்னார். அவர் தாளை எடுத்துப் பேருந்து வரிசையை மட்டும் படித்தார். பேருந்துக்காரர் பேருந்தைத்தானே முதலில் பார்ப்பார்.

"பத்தரைக்கு வெளிக்கிட்டது எண்டு போட்டிருக்கிறியள்."

"ஆமாங்க அண்ணா. டிக்கெட்ல இருக்குது."

"இவவுக்கு ஒன்பதரைக்கு மெசேஜ் வந்தது எண்டெல்லோ சுகந்தி சொல்லுறா. எந்த பஸ் தங்கச்சி ஒரு மணித்தியாலம் முந்தி வெளிக்கிடும்? என்ர கொம்பனியில அப்பிடிச் செய்தால் வீட்டை அனுப்பிப்போடுவாங்கள்."

மாஸ்கோ கடிகாரம் ஓஸ்லோவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பேருந்துக்கு மாஸ்கோ மணி, படைக்கு ஓஸ்லோ மணி. இரண்டையும் ஒரே பத்தியில், எந்த ஊர் என்று எழுதாமல், நானே என் கையால் எழுதியிருந்தேன். பேருந்து கடையில் நின்றபோது படை அதற்குத் தொண்ணூறு கிலோமீட்டர் பின்னால் இருந்தது. மாஸ்கோவுக்குப் பக்கத்தில் போகும்வரை அதைப் பிடித்திருக்காது.

அலகு எழுதாத எண்.

சொல்லாமல் இருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அது ஒரு கணம்தான், ஆனால் தோன்றியது. "நாஸ்த்யா, நான் தப்புப் பண்ணிவிட்டேன். உன் அம்மா அந்தப் பேருந்திலேயே இருந்திருக்கலாம்" என்றேன். ஏன் என்பதைத் தாளில் விரல் வைத்துக் காட்டினேன். திட்டுவாள் என்று நின்றேன்.

"கோடு கிழி" என்றாள். "கையெழுத்துப் போடு. சரியானதை எழுது. இப்போது அவர்கள் எங்கே?"

கோடு கிழித்து, கையெழுத்துப் போட்டேன். சரியான நேரத்தில் போட்ட கணக்கு சொன்னது: ஒன்று பத்து, ஒன்றேகால்.

"இப்ப கூப்பிடும்" என்றார் தேவன் அண்ணா. அவள் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேசை நடுவில் வைத்தாள். நாங்கள் நால்வரும் சுற்றி நின்றோம். அம்மா எதையோ மென்றுகொண்டே பேசினார். பிறகு நிறுத்தினார்.

முதலில் கேட்டது கண்ணாடிக் குவளைகள் ஒன்றோடொன்று உரசும் கிணுகிணு. அதற்குப் பிறகுதான் இரைச்சல். அது வரவில்லை, வளர்ந்தது. அம்மருட்டில் அந்தச் சமையலறையில், சொதி ஆறிக்கொண்டிருந்த மேசையில், ஒரு போன் அளவு துளை வழியாக ஒரு படை போனது. லாரி, லாரி, கனத்த ஏதோ ஒன்று, மறுபடி லாரி. யாரோ சிரித்தார்கள். ஒரு நாய் விடாமல் குரைத்தது. நாஸ்த்யா ஒவ்வொரு வரியாகச் சொன்னாள்: "கடைக்காரி கை காட்டுகிறாள். லாரி ஓட்டுநர் ஒருவர் சிலுவை போட்டுக்கொள்கிறார். ஒரு வண்டி நின்றது. இரண்டு பேர் இறங்கி வருகிறார்கள். காபி கேட்கிறார்கள். அம்மாவுக்கு வழிவிட்டு நிற்கிறார்கள். பாட்டி முதலில் வாங்கட்டும் என்கிறார்கள்."

தேவன் அண்ணா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

"எங்கட பக்கமும் ஒருக்கா இப்பிடி. ஒரே இயக்கப் பெடியள், ரெண்டாப் பிரிஞ்சு போச்சினம். நான் சந்தியில சைக்கிளோட நிண்டனான். ட்ரக்குகள் போகுது. முதல் நாள் எங்களோட பந்தடிச்ச பெடியனும் அதில நிக்கிறான். கை காட்டுறதோ விடுறதோ எண்டு தெரியேல்லை."

"காட்டினீங்களா அண்ணா?"

"சைக்கிள் மணியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். ஒரு கை அதுக்குத் தேவைப்பட்டது."

"இவர் இதை எனக்கே சொல்லேல்லை, இருபது வருசம்" என்றார் அக்கா. பிறகு, "சாப்பிடுங்கோ எல்லாரும். வயிறு காஞ்சால் மூளை வேலை செய்யாது. இண்டைக்கு ஒருக்காப் பாத்தாச்சு" என்று என் தட்டில் சோற்றைப் போட்டார். என்னை அன்று யாராவது திட்டினார்கள் என்றால் அது இவ்வளவுதான்.

பிற்பகல் முழுவதும் தாள் நீண்டது. ஒவ்வொரு மணிக்கும் பக்கத்தில் ஊர். சாலையைக் குறுக்கே வெட்டுகிறார்கள், பாலத்தில் மணல் மூட்டை அடுக்குகிறார்கள் என்று செய்திகள். கடையில் நிறுத்தியிருந்த சரக்கு லாரிகள் ஒன்றும் நகரவில்லை. ஆறு மணிக்கு, பக்கத்து சீட்டுப் பெண் அம்மாவுக்குச் செய்தி அனுப்பினாள்: பேருந்து சுகமாக மாஸ்கோ சேர்ந்துவிட்டது. நாஸ்த்யா அதை எனக்கு மறைக்காமல் வாசித்துக் காட்டினாள். ஞாயிறு காலை விமானத்துக்கும் அம்மாவுக்கும் நடுவில் முந்நூற்றைம்பது கிலோமீட்டர், வெட்டிய சாலை, ஒரு படை. அந்த வரிசையை நான்தான் உண்டாக்கினேன்.

ஏழரைக்கு, நல்ல வெயிலில், செய்தி வந்தது. பேச்சுவார்த்தையாம். படை திரும்புகிறதாம். கிளம்பியபோது எவ்வளவு நம்ப முடியவில்லையோ, திரும்பியபோதும் அவ்வளவே நம்ப முடியவில்லை. பால்கனியிலிருந்து பார்த்தால் கீழே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். எட்டு மணிக்கு மேல் அம்மா அழைத்தார். படைக்காரர்கள் முகப்பு விளக்கோடு எதிர்த் திசையில் வருகிறார்களாம். உருளைக்கிழங்கு ஏற்றிய லாரிக்காரர் ஒருவர் கிராமத்துச் சாலைகள் வழியே மாஸ்கோ போகிறார், அம்மாவை ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் கடைசி வண்டி கடந்து போகும்வரை நகரமாட்டேன் என்கிறார். "நல்ல ட்ரைவர்" என்றார் தேவன் அண்ணா.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு எழுந்தேன். நாஸ்த்யாவிடமிருந்து ஒரே வரி: "விமான நிலையத்தில் இருக்கிறார். பையில் உருளைக்கிழங்கு." கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அதைப் பல முறை படித்தேன்.

மடக்குக் கட்டிலை ஹவுகெட்டோவில் அவள் வீட்டுக்குக் கொண்டுபோவது என் வேலை என்று நானே சொல்லிக்கொண்டேன். ஹவுகெட்டோ நகரத்தின் தென் ஓரம், நாங்கள் இருப்பது வடகிழக்கு. தேவன் அண்ணா கூட வந்தார். பதில் பேருந்தில் கட்டில் தானாகத் திறந்துகொண்டு இரண்டு சீட்டை அடைத்தது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து நார்வேஜிய மொழியில் ஏதோ சொன்னார். "என்ன சொல்றாருங்க?" என்றேன். "தேவன், கடைசியில வீட்டை விட்டுத் துரத்திப்போட்டினமோ எண்டு கேக்கிறான்." பிறகு ரயில். இந்த முறை திசையை மூன்று முறை பார்த்து ஏறினேன்.

மாலை ஏழு மணிக்கு, ஹவுகெட்டோ நடைமேடையில், தாயும் மகளும் இறங்கினார்கள். குட்டையான பெண்மணி, அறுபதைத் தாண்டியவர், பூப்போட்ட சட்டை, கையில் துணிப்பை. பெயர் தமாரா. இருவரும் கைகோத்திருந்தார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல் நடந்தார்கள். பார்த்தால் அழுகை வரும் என்று இருக்கலாம்.

வீட்டில், அந்த உருளைக்கிழங்கையே வேகவைத்துக்கொண்டிருந்தபோது, நான்தான் உங்களை இறக்கிவிட்டவள் என்றேன். நாஸ்த்யா மொழிபெயர்த்தாள். தாளையும் நீட்டினேன். அவர் கண்ணாடி போட்டு, மேலிருந்து கீழாக, கோடு கிழித்த பத்தியையும் விடாமல் படித்தார். அப்போதுதான் தெரிந்தது: முப்பது வருடம் ரயில்வே யார்டில், வந்து போகும் சரக்கு வண்டிகளை எண்ணி எழுதிய குமாஸ்தா அவர். அந்த நாட்டில் பதினொரு நேர மண்டலங்கள். அந்த நாளில் ரயில்களெல்லாம் மாஸ்கோ நேரத்தில்தான் ஓடும், ஊர்க் கடிகாரம் வேறு சொல்லும்.

"இந்தத் தப்பால் ரயிலை விட்டவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்" என்றார். "ரயிலை விட்டுவிட்டுப் படையைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்."

பிறகு பையிலிருந்து தன் பேருந்து டிக்கெட்டை எடுத்தார். பின்பக்கம் பென்சிலால் ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகள். போன வண்டிகள் ஒரு பக்கம், திரும்பி வந்தவை மறுபக்கம். பழக்கம், வண்டி போனால் கை எண்ணிவிடும் என்றார். ஒவ்வொரு மணிக்கும் பக்கத்தில் ஒரு சின்ன எழுத்து. மாஸ்கோ என்பதன் முதல் எழுத்து. காபிக்கு வழிவிட்டுத் தன்னைப் பாட்டி என்று கூப்பிட்டவன் வந்த வண்டி திரும்பும்போது இருந்ததா என்று பார்த்தாராம். இருட்டில் தெரியவில்லையாம்.

இரண்டு பக்கத்துக் கோடுகளையும் என் தாளில் நான் பெயர்த்து எழுதினேன். போன எண்ணும் வந்த எண்ணும் ஒன்றாக இல்லை. வந்தது குறைவு.

"ஏன் குறைவு?" என்று மகள் கேட்டாள்.

"வேறு சாலையில் திரும்பியிருக்கலாம். நான் எண்ண மட்டும்தான் செய்வேன்" என்றார் தமாரா.

நாஸ்த்யா எட்டிப் பார்த்து, எண்ணின் மேல் விரல் வைத்தாள். அலகு. 'வண்டிகள்' என்று எழுதினேன். தமாரா பென்சிலை வாங்கி, அதற்குப் பக்கத்தில் இன்னொரு பத்திக்குக் கோடு போட்டார். தலைப்பாக அவர் மொழியில் ஒரு சொல் எழுதினார். 'ஆட்கள்' என்று நாஸ்த்யா சொன்னாள். கீழே எல்லாக் கட்டங்களையும் காலியாக விட்டு, ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, பென்சிலை என்னிடம் நீட்டினார்.